எந்தத் தைராய்டு கட்டிக்கு எந்தச் சூடு? ஆர்எஃப்ஏ, லேசர், மைக்ரோவேவ், ஹைஃபு: ஒப்பிட்டுத் தேர்வு செய்யும் வழி

கழுத்தில் புற்று இல்லாத தைராய்டு கட்டி. கத்தி வைக்காமல் ஏதாவது வழி உண்டா என்று விசாரித்தால் நான்கு பெயர்கள் வந்து சேரும்: ஆர்எஃப்ஏ எனப்படும் ரேடியோஃப்ரீக்வன்சி, லேசர், மைக்ரோவேவ், அல்ட்ராசவுண்ட் அலைகளைக் குவித்துச் சுடும் ஹைஃபு. நான்கும் செய்யும் வேலை ஒன்றுதான். கட்டிக்குள் இருக்கும் திசுவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிச் சாகடிப்பது. செத்த திசுவை வெளியே எடுப்பதில்லை. உடம்பே மாதக்கணக்கில் மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் கட்டி அன்றே மறையாது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று சுருங்கும்.

'எந்த மெஷின் நல்லது?' என்ற கேள்வியில் தொடங்குபவர்கள்தான் அதிகம். அந்த வரிசை தலைகீழானது. முதலில் பார்க்க வேண்டியது கட்டியை: உள்ளே இருப்பது நீரா சதையா, மொத்தம் எத்தனை மி.லி., எந்த நரம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது, ஊசி பிடிக்கும் டாக்டரின் கை. மெஷின் மூன்றாவது இடத்தில்தான் வரும்.

சிகிச்சையே வேண்டுமா

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த, எந்தத் தொந்தரவும் தராத 1 செ.மீ. கட்டிக்கு இந்த நான்கில் எதுவும் தேவையில்லை. வருடத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்தால் போதும். இப்படிச் சூட்டால் கட்டியைச் சாகடிக்கும் அப்லேஷன் யாருக்கு? விழுங்கும்போது உறுத்தல், தொண்டையை அழுத்தும் உணர்வு, கண்ணுக்குத் தெரியும் வீக்கம், தொடர்ந்து வளரும் கட்டி, அல்லது கட்டியே ஹார்மோனை அதிகமாகச் சுரப்பது: இவற்றில் ஏதாவது ஒன்று இருப்பவர்களுக்கு.

புற்று இல்லை என்பது நிச்சயமாக வேண்டும். அப்லேஷனுக்குப் பிறகு பரிசோதிக்கத் திசு மிஞ்சாது என்பதால் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பொது விதி: ஸ்கேன் பார்த்துக்கொண்டே எடுத்த எஃப்என்ஏசி (மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துச் சோதிப்பது) இரண்டு முறையும் பெதஸ்டா 2, அதாவது புற்று இல்லாத வகை, என்று வர வேண்டும். ஸ்கேனில் பஞ்சு போன்ற தோற்றம் உள்ள கட்டி, நீர்க்கட்டி போன்ற மிகக் குறைந்த சந்தேக வகைகளுக்கும், தானே ஹார்மோன் சுரக்கும் கட்டிக்கும் ஒரு முறை போதும். எஃப்என்ஏசி நல்லதாக வந்தும் ஸ்கேன் தோற்றம் சந்தேகமாக இருந்தால், ஸ்கேன் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். பெதஸ்டா 3, 4 (புற்று இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாத வகைகள்) என்று வந்த கட்டியைச் சூட்டால் கருக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்சின் அளவை ரத்தத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும். அது குறைவாக இருந்தால் நியூக்ளியர் ஸ்கேன் எடுத்து, அது தானே ஹார்மோன் சுரக்கும் 'சூடான கட்டி'யா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வகைக்கு வழக்கமான முதல் வழி ரேடியோ அயோடின் (கதிரியக்க மருந்து) அல்லது அறுவை சிகிச்சை. கட்டி சிறியதாக, சுமார் 10 மி.லி.க்குள் இருந்து, ரேடியோ அயோடின் வேண்டாம் என்று நினைக்கும் இளம் வயதினருக்கு ஆர்எஃப்ஏ நியாயமான மாற்று. பெரிய சூடான கட்டியில் ஓரத்தில் கொஞ்சம் திசு உயிரோடு நின்றாலும் அது தொடர்ந்து சுரக்கும், டிஎஸ்எச் சரியாகாது.

இவற்றோடு தைராய்டு ஆன்டிபாடி, பிளேட்லெட், ரத்தம் உறையும் நேரம், குரல் நாண் அசைவு ஆகியவற்றையும் பார்த்து வைக்க வேண்டும். குரல் நாண் பரிசோதனையைச் சில இடங்களில் விட்டுவிடுகிறார்கள். விடவே கூடாத பரிசோதனை அது. ஒரு பக்க நாண் ஏற்கெனவே அசையாமல் இருக்கிறது என்று தெரியாமல் மறுபக்கக் கட்டியைச் சூடாக்கப் போய், அந்தப் பக்க நரம்பும் அடிபட்டால் மூச்சுக்கே ஆபத்து. இரண்டு பக்கமும் கட்டி இருப்பவர்களுக்கு ஒரே நாளில் இரண்டையும் முடிக்காமல், ஒரு பக்கம் செய்து, குரல் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு மறுபக்கம் போவது பாதுகாப்பு என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கிய கட்டி ஸ்கேனில் முழுதாகத் தெரியாது. தெரியாத இடத்தில் ஊசியை நகர்த்த முடியாது. மூச்சுக்குழாயை நசுக்கும் பெரிய கட்டி, இரு பக்கமும் நிறையக் கட்டிகள் நிரம்பிய காய்ட்டர் எனும் தைராய்டு வீக்கம் ஆகியவற்றுக்கும் அறுவை சிகிச்சைதான் நேரான வழி.

மூன்று அளவும் வேண்டும்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். இரண்டு அளவு மட்டும் எழுதிய ரிப்போர்ட்டை வைத்து ஒப்பிடவே முடியாது. மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 0.524-ஆல் பெருக்கினால் மி.லி. கிடைக்கும். 4.0 × 3.0 × 2.5 என்றால் 15.7 மி.லி.

இந்தக் கணக்கைக் கையோடு வைத்திருப்பது பின்னால் உதவும். ஒரு வருடம் கழித்து அதே கட்டி 2.7 × 2.0 × 1.7 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'நாலு செ.மீ. இருந்தது, இன்னும் மூணு கிட்ட இருக்கே' என்று மனம் சோர்ந்துபோகும். கணக்குப் போட்டால் 4.8 மி.லி. அதாவது 69 சதவீதம் குறைந்திருக்கிறது. மூன்று அளவும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே கொள்ளளவு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும். நேர்மாறாக, ஓரிரு மி.மீ. வித்தியாசம் இரண்டு பேர் அளந்ததால் வந்ததாகவும் இருக்கலாம். அதனால் முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே டாக்டரிடம் ஸ்கேன் எடுங்கள்.

அடுத்தது நீர் எவ்வளவு, சதை எவ்வளவு என்பது. பாதிக்கு மேல் நீர் நிரம்பிய கட்டிக்குச் சூடே முதல் வழி இல்லை. நீரை உறிஞ்சி எடுத்து, எடுத்த நீரில் சுமார் பாதி அளவு, 10 மி.லி.க்கு மிகாமல், அடர்த்தியான எத்தனால் செலுத்துவதுதான் முதல் வழி. செலவும் குறைவு. தென்கொரியாவில் நீர்க்கட்டிகளில் எத்தனாலையும் ஆர்எஃப்ஏவையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில் இரண்டுமே கட்டியை 90 சதவீதத்துக்கு மேல் சுருக்கின. விலை அதிகமானது கூடுதலாக எதையும் தரவில்லை. எத்தனாலுக்குப் பிறகும் உள்ளே சதை மிஞ்சி உறுத்தினால், அப்போது அந்தச் சதைக்கு மட்டும் ஆர்எஃப்ஏ செய்யலாம். வெறும் நீர்க்கட்டிக்கு நேரடியாக ஆர்எஃப்ஏ எழுதிக்கொடுத்தால், எத்தனால் ஏன் வேண்டாம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆர்எஃப்ஏ

சதைக் கட்டிகளுக்கு இன்று முதலில் பரிசீலிக்க வேண்டியது இதுதான். தைராய்டுக்கான முறைகள் பெரும்பாலும் தென்கொரியாவில் உருவானவை. உயர் அலைவரிசை மின்சாரம் ஊசி முனையிலிருந்து தொடைகளில் ஒட்டிய பட்டைகளுக்கு ஓடுகிறது. முனைக்குப் பக்கத்தில் உள்ள அயனிகள் அதிர்ந்து உராய்ந்து சூடேறுகின்றன. 18 அல்லது 19 கேஜ் ஊசி (கேஜ் எண் கூடக்கூட ஊசி மெல்லியது), நீளம் 7 செ.மீ. அளவு. கல்லீரலுக்கான நீண்ட ஊசியைக் கழுத்தில் பிடித்துத் திருப்புவது கடினம் என்பதால் குட்டையாகச் செய்யப்பட்டது. சூடு தரும் முனை மட்டும் 5, 7 அல்லது 10 மி.மீ. கட்டி சிறியதாகவோ நரம்புக்கு அருகிலோ இருந்தால் 5 அல்லது 7. பெரிய கட்டிக்கு 10.

ஊசிக்குள் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கும். சூடாக்கும் ஊசிக்கு ஏன் குளிர்நீர்? முனையை ஒட்டிய திசு 100 டிகிரியைத் தாண்டினால் பொசுங்கிக் கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தாது. மின்தடை ஏறி, சூடு அதற்கு மேல் பரவாமல் நின்றுவிடும். முனையைக் குளிர்வித்தால்தான் சூடு அகலமாகப் பரவும்.

இதன் பெரிய பலம், முனையை நகர்த்த முடிவது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம். பலவீனம், மின்சாரம் உடம்பு வழியாகத் தொடைக்குப் போவது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமான ஒற்றைமுனை ஆர்எஃப்ஏ ஏற்றதல்ல. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு, மின்சாரம் முனைக்குள்ளேயே சுற்றிவரும் இருமுனை ஊசியோ லேசரோ பார்க்கலாம். கர்ப்பிணிகள் பிரசவம் வரை காத்திருக்கலாம். இது அவசர சிகிச்சை இல்லை.

லேசர்

இத்தாலியில் வளர்ந்த முறை. 21 கேஜ் ஊசி. ஊசி போடும் மூன்று முறைகளில் மிக மெல்லியது. அதற்குள் 0.3 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி நார். 1064 நானோமீட்டர் ஒளி நார் முனையிலிருந்து முன்னோக்கிப் பாய்கிறது. வழக்கமான அளவு 3 வாட், ஒரு இடத்துக்கு 1200 முதல் 1800 ஜூல் வரை. கணக்குப் போட்டால் ஓர் இடத்துக்கு ஏழு முதல் பத்து நிமிடம். அந்த நேரம் முழுக்க நார் அசையாது. பிறகு 10 மி.மீ. அளவு பின்னால் இழுத்து அடுத்த இடம். அகலமான கட்டிக்கு இரண்டு நார்களை 10 மி.மீ. இடைவெளியில் பக்கம் பக்கமாக வைப்பார்கள்.

அசையாமல் சூடாக்குவதில் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. சூடு எவ்வளவு தூரம் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். டாக்டரின் கை நடுக்கம், அனுபவ வித்தியாசம் விளைவை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் நீள்வட்டமான சூட்டுப் பகுதிகளை அடுக்கி உருண்டையான கட்டியை நிரப்பினால் ஓரங்களில் இடுக்கு விடும். சூடு முன்னோக்கி நீளும் என்பதால் நார் முனையைக் கட்டியின் அடி எல்லைக்குக் குறைந்தது 10 மி.மீ. முன்பே நிறுத்த வேண்டும். அதைக் கவனிக்காவிட்டால் சூடு கட்டியைத் தாண்டிவிடும்.

இத்தாலியில் 60 பேரிடம் இரண்டையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் ஆர்எஃப்ஏ கட்டியை 64 சதவீதமும் லேசர் 53 சதவீதமும் சுருக்கின. ஆர்எஃப்ஏ முன்னால் நிற்கிறது, உண்மை. ஆனால் பாதிக்கு மேல் சுருங்கினாலே பெரும்பாலானோருக்கு உறுத்தல் போய்விடும். உங்கள் ஊரில் லேசரில் நன்றாகப் பழகிய டாக்டர் இருந்து, ஆர்எஃப்ஏ இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்கள் என்றால், அந்தப் பத்துச் சொச்சம் சதவீதத்துக்காக லேசரை விட வேண்டியதில்லை. ஐரோப்பியத் தைராய்டு சங்கத்தின் 2020 வழிகாட்டியும் சதைக் கட்டிகளுக்கு இவை இரண்டையும் முதல் வரிசையில் வைக்கிறது. மைக்ரோவேவும் ஹைஃபுவும் அதில் இரண்டாம் வரிசை.

மைக்ரோவேவ்

சீனாவில் அதிகம் செய்யப்படுவது. 2450 மெகாஹெர்ட்ஸ் அலை நீர் மூலக்கூறுகளைச் சுழற்றிச் சூடாக்குகிறது. மின்சாரம் உடம்பு வழியே போவதில்லை. தொடைப் பட்டை தேவையில்லை. திசு கரியானாலும் சூடு நிற்காது. வேகமாகச் சூடேறும். ரத்த ஓட்டம் அதிகமுள்ள கட்டிகளில், ஓடும் ரத்தம் சூட்டைக் கடத்திக்கொண்டு போவதை இது ஓரளவு வெல்லும். பெரிய கட்டிகளுக்கு இதை விரும்புவது அதனால்தான்.

அதே வேகம்தான் இதன் ஆபத்தும். ஊசி தடிமனானது, 16 முதல் 18 கேஜ் வரை. சூட்டுப் பகுதி பெரிதாக, உருண்டையாகப் பரவுவதால் மூச்சுக்குழாயை ஒட்டிய 2 செ.மீ. கட்டியில் எல்லையைக் கட்டுக்குள் வைப்பது சிரமம். ஊசியின் தண்டும் சூடாகும்; குளிர்நீர் ஓட்டம் தடைபட்டால் ஊசி நுழைந்த இடத்தில் தோல் வெந்துபோகும். 20 மி.லி.க்கு மேற்பட்ட, ரத்த ஓட்டம் மிகுந்த கட்டி, பழகிய கை: இரண்டும் சேர்ந்தால் மைக்ரோவேவ் நல்ல தேர்வு. சின்னக் கட்டிக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

ஹைஃபு

ஊசியே இல்லை. வெளியிலிருந்து அல்ட்ராசவுண்ட் அலைகளைக் கட்டிக்குள் ஒரு புள்ளியில் குவித்து அந்த இடத்தை மட்டும் சூடாக்குவது. ஒரு துடிப்பில் சில மி.மீ. திசுதான் வேகும். பிறகு தோல் ஆற இடைவெளி, அடுத்த புள்ளி. அதனால் நேரம் பிடிக்கும். கட்டி பெரிதாக ஆக ஒரே அமர்வில் முடிப்பது கடினமாகும். சிறிய கட்டிகளில், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் சுமார் பாதி சுருங்கும் என்று எதிர்பார்க்கலாம். தோலுக்கு மிக அருகில் உள்ள கட்டி, மிக ஆழத்தில் உள்ள கட்டி, உள்ளே பெரிய சுண்ணாம்புப் படிவு உள்ள கட்டி ஆகியவை இதற்குச் சரிவராது. சுண்ணாம்பு அலையைத் தடுத்துவிடும்.

ஊசி இல்லை என்பதால் வலி இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு துடிப்பிலும் குத்தும் வலி இருக்கும், பலருக்கு மயக்க மருந்து தேவைப்படும். ஊசிக்கு உண்மையிலேயே பயந்தவர், கட்டியும் சிறியது என்றால் மட்டும் இதை யோசிக்கலாம்.

அன்று என்ன நடக்கும்

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை முன்பே நிறுத்தச் சொல்வார்கள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் 7 முதல் 10 நாள், வார்ஃபரின் 3 முதல் 5 நாள். இதய ஸ்டென்ட் வைத்தவர்கள், வால்வு மாற்றியவர்கள் இதய டாக்டரிடம் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது. கழுத்துக் கட்டி காத்திருக்கும், ஸ்டென்ட் காத்திருக்காது.

முழு மயக்கம் கொடுக்காமல் செய்வதே நல்லது, ஏனென்றால் நடுநடுவே உங்களைப் பேசச் சொல்லிக் குரலைச் சோதிக்க வேண்டும். தலையணையைத் தோளுக்கு அடியில் வைத்துக் கழுத்தைப் பின்னால் சாய்ப்பார்கள். ஊசி நுழையும் தோலில் மட்டுமல்ல, தைராய்டின் உறையைச் சுற்றியும் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் போட்டால்தான் வலி அடங்கும். அட்ரினலின் கலக்காத லிக்னோகெய்னின் உச்ச அளவு கிலோவுக்கு 4.5 மி.கி. 50 கிலோ எடையுள்ளவருக்கு 225 மி.கி.; 1 சதவீத மருந்தானால் 22 மி.லி., 2 சதவீதமானால் 11 மி.லி. உடல் மெலிந்தவர்களுக்கு 2 சதவீத மருந்தைத் தாராளமாக ஏற்றினால் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும்.

ஆர்எஃப்ஏவில் ஊசி கழுத்தின் நடுவிலிருந்து, தைராய்டின் இரு பக்கங்களையும் இணைக்கும் பாலப் பகுதி வழியாக, பக்கவாட்டில் போகிறது. இதற்குக் காரணம் உண்டு. அந்த வழியில் ஊசியின் முழு நீளமும் ஸ்கேனில் தெரியும். ஊசி பாலத்துக்குள் நன்றாகப் பிடிபட்டிருப்பதால் நோயாளி விழுங்கினாலும் இருமினாலும் முனை இடம் மாறாது. சூடான நீர் கட்டியிலிருந்து கசிந்து வெளியே வருவதும் குறையும்.

உள்ளே போனதும் முனையைக் கட்டியின் ஆழமான, தொலைவான மூலையில் நிறுத்தி மின்சாரத்தைத் திறப்பார்கள். 10 மி.மீ. முனை என்றால் 30 வாட் அளவில் தொடக்கம். ஐந்து முதல் பத்து விநாடிக்குள் முனையைச் சுற்றித் திரையில் வெள்ளை மேகம் போல நுண்குமிழிகள் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் 5 அல்லது 10 வாட் கூட்டுவார்கள். மேகம் வந்ததும் முனையைச் சற்றுப் பின்னால் இழுத்து அடுத்த சிறு இடம், பிறகு அடுத்தது. திண்ணையை மெழுகுபவர் உள்மூலையில் தொடங்கித் தன் பக்கமாகப் பின்வாங்கிக்கொண்டே வருவதைப் போல, ஆழத்திலிருந்து மேலே, தொலைவிலிருந்து அருகே. இந்த வரிசை மாறினால், முன்னால் எழுந்த வெள்ளை மேகம் பின்னால் இருப்பதை மறைத்துவிடும்; டாக்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதாகிவிடும். கட்டியின் நடுவில் ஓர் இடத்துக்குச் சில விநாடி நிற்கலாம்; ஓரங்களில் அதைவிடக் குறைந்த நேரம், குறைந்த வாட்.

ரத்தக் குழாய்கள் நிறைந்த கட்டியில் முதலில் கட்டிக்குள் போகும் தமனியைச் சுட்டு அடைத்துவிட்டு, பிறகு உள்ளே வேலை செய்தால் ரத்தக் கசிவும் குறையும், ஓரத்தில் சூடும் தங்கும்.

நெருக்கமாகக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கட்டிக்கும் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஒரு முக்கோணம். குரல் நாணை இயக்கும் நரம்பு இந்த முக்கோணத்தில்தான் ஓடுகிறது. ஸ்கேனில் எப்போதும் தெளிவாகத் தெரியாது. அதனால் அந்தப் பகுதியில் சில மி.மீ. திசுவைச் சுடாமல் விட்டுவிடுவார்கள், அல்லது அங்கே நீரைச் செலுத்திக் கட்டியை நரம்பிலிருந்து தள்ளி வைப்பார்கள். செலுத்துவது சலைன் அல்ல, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். சலைனில் உப்பு இருப்பதால் மின்சாரத்தைக் கடத்தும்; ஆர்எஃப்ஏவில் தடுப்பாக நிற்க வேண்டிய நீரே சூட்டை நரம்புக்குக் கொண்டுபோகும். வெளிப்பக்கத்தில் கரோட்டிட் தமனியை ஒட்டி வேகஸ் நரம்பு. அதைச் சூடு தொட்டால் நாடித்துடிப்பு இறங்கும், ரத்த அழுத்தம் விழும். மானிட்டர் கட்டாயம் ஓட வேண்டும்.

தாடை, காது, பல், தோள் பக்கம் வலி பரவினால் உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொள்வது இங்கே நல்ல குணம் அல்ல. வாட்டைக் குறைத்தாலோ சில விநாடி நிறுத்தினாலோ வலி அடங்கிவிடும். பேசும்போது குரல் கரகரத்தால், அந்த நொடியே நிறுத்தி, ஐஸில் வைத்த டெக்ஸ்ட்ரோஸை நரம்புப் பக்கம் செலுத்த வேண்டும். அது முன்கூட்டியே குளிர்ந்து தயாராக இருக்கிறதா என்று முதல் சந்திப்பிலேயே கேட்கலாம். தடுமாறாமல் 'இருக்கும்' என்று பதில் சொல்லும் இடம் நம்பிக்கை தரும் இடம்.

எது தவறும்

தென்கொரியாவில் பல மருத்துவமனைகளில் ஆர்எஃப்ஏ செய்துகொண்ட 1459 பேரின் தொகுப்பு 2012-இல் வெளிவந்தது. சிக்கல் வந்தது 3.3 சதவீதம் பேருக்கு. அதில் பெரிய சிக்கல் 1.4 சதவீதம். குரல் மாற்றம் சுமார் 1 சதவீதம்; பெரும்பாலும் மாதங்களில் திரும்பிவிடும். இந்த எண்கள் பழகிய கைகளின் எண்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ரத்தக் கசிவு அன்றே தெரியும். அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நிற்கும். தொடைப் பட்டை சரியாக ஒட்டாமல் ஒரு மூலை தூக்கி நின்றால் மின்சாரம் மீதி இடத்தில் குவிந்து தொடைத் தோல் வேகும். ரோமம் அடர்ந்திருந்தால் மழித்துவிட்டு ஒட்ட வேண்டும்.

ஒரு சிக்கல் மட்டும் வீட்டுக்கு வந்த பிறகு வரும்: கட்டி வெடித்தல். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, பெரும்பாலும் மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள், திடீரென்று கழுத்து வீங்கி வலிக்கும். கட்டியின் உறை கிழிந்து உள்ளே இருப்பது முன்தசைப் பக்கம் கசிந்திருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் வலி மாத்திரை, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக்குடன் தானாக ஆறும். சீழ் கட்டினால் மட்டும் எடுக்க வேண்டி வரும். தெரியாத டாக்டரிடம் அவசரமாக ஓடினால் புற்று என்றோ உடனே ஆபரேஷன் என்றோ சொல்லிவிட வாய்ப்பு உண்டு; அப்லேஷன் செய்த இடத்துக்கே முதலில் போங்கள். மூச்சு முட்டினாலோ வீக்கம் மணிக்கு மணி கூடினாலோ அது வேறு. அருகில் உள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

தைராய்டு சுரப்பு குறைவது அப்லேஷனில் அரிது, ஆன்டிபாடி அதிகமுள்ளவர்களைத் தவிர. ஒரு பக்கத் தைராய்டை அறுத்து எடுத்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சுரப்பு குறைகிறது. வாழ்நாள் முழுக்க மாத்திரை போட வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது.

யாருக்கு எதைச் சொல்லலாம்

5 முதல் 20 மி.லி. வரையிலான சதைக் கட்டிக்கு ஆர்எஃப்ஏ. அது கிடைக்காத இடத்தில், அல்லது பேஸ்மேக்கர் இருந்தால், லேசர். 20 மி.லி.யைத் தாண்டினால் ஆர்எஃப்ஏவே இரண்டு அமர்வு ஆகலாம் என்று முன்பே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்க முடியாது, திரும்பத் திரும்ப வர முடியாது என்பவருக்கு அறுவை சிகிச்சை ஒரே முறையில் முடிந்துவிடும், அதைத் தேர்ந்தெடுப்பது தோல்வி அல்ல. பாதிக்கு மேல் நீர் என்றால் எத்தனால்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: இந்த வகையில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேருக்குக் குரல் மாறியது, ஊசி புதிதாக என் முன்னால் பிரிக்கப்படுமா, இரண்டாவது அமர்வு வேண்டியிருந்தால் செலவு எவ்வளவு, ஒரு வருட ஸ்கேன் யார் எடுப்பார்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில், செய்து முடித்த பிறகு உங்களைப் பின்தொடர ஆள் இல்லை என்று பொருள்.

பிறகு

முடிந்ததும் ஒன்றிரண்டு மணி நேரம் ஐஸ் வைத்துப் படுத்திருந்து, இன்னொரு ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம். பாராசிட்டமால் பெரும்பாலும் போதும். கனமான எடை தூக்குவதைச் சில நாள் தள்ளிப்போடுங்கள்.

1, 6, 12 மாதங்களில் ஸ்கேன், டிஎஸ்எச். பிறகு வருடத்துக்கு ஒருமுறை. மிகக் குறைந்திருந்த அளவிலிருந்து 50 சதவீதத்துக்கு மேல் கூடினால்தான் அது மறுவளர்ச்சி. அந்தச் சிறுத்த அளவு 4.8 மி.லி. என்றால் 7.2 தாண்டும்வரை பதற வேண்டாம். மறுவளர்ச்சி பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம் கழித்து, சுடாமல் விட்ட ஓரத்திலிருந்து வரும். அதனால் முதல் வருடம் நன்றாகச் சுருங்கியது என்று ஸ்கேனை நிறுத்திவிடக் கூடாது. ரிப்போர்ட்டில் மொத்த அளவோடு, ரத்த ஓட்டம் உள்ள உயிருள்ள பகுதி எவ்வளவு என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தம் கூடும் முன்பே அது கூடத் தொடங்கும். உறுத்தல் திரும்பினால் அந்த ஓரத்துக்கு மட்டும் இரண்டாம் முறை செய்யலாம்.

அப்லேஷன் செய்த கட்டி ஸ்கேனில் கறுத்து, ஓரம் ஒழுங்கற்று, சில சமயம் சுண்ணாம்புப் புள்ளிகளோடு தெரியும். புற்றுக் கட்டிக்குச் சொல்லப்படும் அடையாளங்கள் இவையேதான். விவரம் தெரியாத ஸ்கேன் டாக்டர் டை-ராட்ஸ் 5, அதாவது புற்றுச் சந்தேகம் மிக அதிகம், என்று எழுதிவிடுவார். அதைப் பார்த்து எஃப்என்ஏசி, அதில் செத்த திசு மட்டும் வந்து குழப்பம், கடைசியில் தேவையில்லாத ஆபரேஷன் என்று போகும். எந்தத் தேதியில், எந்தப் பக்கம், எந்த முறையில் அப்லேஷன் நடந்தது, அதற்கு முன் எஃப்என்ஏசி என்ன சொன்னது என்பதை ஒரே தாளில் எழுதி வாங்கி, போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து ஸ்கேனுக்கு எங்கே போனாலும், ஜெல் தடவும் முன் அதைக் காட்டிவிடுங்கள்.